இறக்கத்தில் பார்த்த கார்

1. சாயங்காலம் வரும் அட்வான்ஸ்

"அண்ணா, வேனைப் பேசி முடிச்சுட்டனுங்க. இன்னைக்குச் சாயங்காலம் அட்வான்ஸ் கொண்டாறாங்க. அதுக்குள்ள நீங்க வந்து காரைப் பாத்து ஒரு வார்த்தை சொல்லிப்போடோணும்."

ஜெயபால் இப்படிப் போன் செய்தது, கோடை சீசன் முடிந்து மழை இன்னும் பிடிக்காத ஒரு ஜூன் மாதச் சனிக்கிழமை காலை. நான் குன்னூரில் இருக்கிறேன், அவர் கோத்தகிரியில். ஓர் அரசுத் தொழிற்சாலையின் வாகனப் பிரிவில் ஃபிட்டராகச் சேர்ந்து சார்ஜ்மேன் என்ற மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றவன் நான். லாரி, பஸ், ஜீப், அதிகாரிகளின் கார் என்று எல்லாவற்றையும் கழற்றி மாட்டிய கை சும்மா இருக்க மறுத்தது. அதனால் பழைய கார் வாங்குகிறவர்களுக்கு வண்டி பார்த்துச் சொல்கிறேன். எடுக்கலாம் அல்லது வேண்டாம் என்று ஒரு வார்த்தை, அதுதான் வேலை. இப்போது இதே வேலைக்கு வந்திருக்கும் இளைஞர்கள் படிக்கட்டும் என்றுதான் அன்று நடந்ததை எழுதுகிறேன்.

ஜெயபாலின் வேன் பழையது, ஆனால் ஒரு நாளும் சும்மா நின்றதில்லை. காலையில் பள்ளிப் பிள்ளைகள், பகலில் எஸ்டேட் ஸ்டாஃப், சீசனில் டூரிஸ்ட். அந்தக் குடும்பம் அதை வைத்துத்தான் ஓடிக்கொண்டிருந்தது. கோத்தகிரிப் பக்கம் புதிதாக வந்த ஒரு ரிசார்ட், கோவை விமான நிலையத்திலிருந்து விருந்தினரை அழைத்து வர ஒரு சொகுசுக் கார் இருந்தால் வருடம் முழுக்க ஓட்டம் தருவதாகச் சொல்லியிருந்தது. புதுக் கார் கனவிலும் முடியாது. கோவையில் ஒரு மில் முதலாளியின் ஜெர்மன் டீசல் கார் விலைக்கு வந்தது. ஒரு லட்சத்து எண்பதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. அதனால்தான் ஜெயபாலுக்கு எட்டுகிற விலை. அதுவும் வேனை விற்றால்தான் எட்டும்.

போனை அவர் மனைவி சுமதி வாங்கினார். ஓர் எஸ்டேட் ஆபீசில் கிளார்க்காக இருப்பவர்.

"அண்ணா, இவரு அந்தக் காரைப் பத்திப் பேச ஆரம்பிச்சா சோறு ஆறிப்போறது கூடத் தெரியறதில்லைங்க. வேன் போச்சுன்னா எங்ககிட்ட வேற வண்டி இல்லை. நீங்க எடுக்கலாம்னு சொன்னா எடுக்கட்டும். வேண்டாம்னா வேண்டாம். நான் உங்களைத்தான் நம்பியிருக்கறனுங்க."

கோத்தகிரி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் அந்தக் கடைசி வாக்கியம் காதிலேயே இருந்தது.

2. தேதி சொல்லும் கண்ணாடிகள்

எங்கள் மலையில் பழைய வண்டி வாங்குவதில் ஒரு வழக்கம் உண்டு. வாங்குகிறவர் கீழே போய்ப் பார்க்க மாட்டார். விற்கிறவர்தான் வண்டியை மேலே கொண்டுவந்து காட்ட வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து சூடேறாமல், புகை தள்ளாமல் ஏறி வந்துவிட்டால் பாதிப் பேச்சு முடிந்த மாதிரி. கார் ஏற்கெனவே ஏறி வந்து ஜெயபால் வீட்டு முன்னால் நின்றிருந்தது. கரும் நீலம். பக்கத்து வீட்டுக்காரர்கள் மூன்று பேர் அதைச் சுற்றி நின்று தங்கள் முகத்தை அதில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கொண்டுவந்தவர் சேகர் என்ற கோவை புரோக்கர். நல்ல வாய்.

"வாங்க சார். இது காருங்களா? சக்கரம் வெச்ச ஊடுங்க. மேட்டுப்பாளையத்துல ஏறி உக்காந்தேன், கோத்தகிரி வந்ததே தெரியலை. ஏசி போட்டு வந்தும் சூடு காட்டற முள்ளு ஒரு இம்மி நவுரலை."

"சர்வீஸுக்கு உட்டா பில்லு மட்டும் நவுரும்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

நான் வேலையை ஆரம்பித்தேன். நான் எதையும் தேதியோடு பார்க்கிறவன். புத்தகம் வாங்கினாலும் முதலில் அச்சான ஆண்டைத்தான் புரட்டுவேன். காரில் ஓடோமீட்டரை மாற்றிவிடலாம். ஆனால் மற்ற எல்லாப் பாகங்களிலும் தேதி இருக்கிறது. டயரின் பக்கவாட்டில் நான்கு எண்கள், எந்த வாரம், எந்த ஆண்டு என்று சொல்லும். ஒவ்வொரு கண்ணாடியின் மூலையிலும் ஆண்டுக் குறி உண்டு. சீட் பெல்ட்டை முழுக்க இழுத்தால் அடியில் தைத்த துணியில் தேதி இருக்கும். ஹெட்லைட்டின் முதுகில் இருக்கும். இவை எல்லாம் கார் தயாரான மாதத்தோடு ஒத்துப்போக வேண்டும். ஒன்று மட்டும் இளையதாக இருந்தால் அங்கே ஏதோ அடிபட்டிருக்கிறது.

முன் கண்ணாடி மட்டும் இளையதாக இருந்தது. கேட்டேன்.

"லாரியிலிருந்து கல்லு தெறிச்சுதுங்க. சேலம் பைபாஸ்ல. முதலாளியே சொன்னாரு" என்றார் சேகர். அதைச் சுற்றிய தகரத்தில், பூச்சின் கனத்தைக் காட்டும் பெயின்ட் மீட்டரை வைத்துப் பார்த்தேன். கார் தயாரானபோது அடித்த பெயின்ட்தான். அவர் சொன்னது உண்மை.

மற்றதெல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியது. ஸ்டியரிங் தோல், ஓட்டுநர் சீட்டின் ஓரம், ஆக்சிலரேட்டர் ரப்பர் எல்லாம் அந்தக் கிலோமீட்டருக்கு உரிய தேய்மானம். பிரேக் பெடல் ரப்பர் மட்டும் அதிகம் தேயவில்லை. ஹைவேயில் ஓடிய வண்டிக்கு அதுதான் அடையாளம். கோவை, சென்னை, திரும்பக் கோவை. ஊருக்குள் இழுத்தடிக்கப்பட்ட ஐம்பதாயிரம் கிலோமீட்டரை விட இப்படி ஓடிய இரண்டு லட்சம் எவ்வளவோ மேல். காரின் கம்ப்யூட்டரில் ஸ்கேனரைச் செருகினேன். கோளாறு காட்டும் ஃபால்ட் கோடு ஒன்றும் இல்லை. சர்வீஸ் புத்தகத்தின்படி இன்ஜின் ஆயில் ஒழுங்காக மாற்றப்பட்டிருந்தது.

"கியர்பாக்ஸ் ஆயில்?" என்றேன்.

"அது லைஃப்டைம்ங்க. மாத்தவே வேண்டாம்னு கம்பெனியே சொல்லிருக்கானுங்க."

"யாரு லைஃப்டைமு? காருக்கா, நமக்கா?" என்றார் ஜெயபால். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். மாற்றிவிடலாம் என்று மனத்தில் குறித்துக்கொண்டேன்.

சுமதி வர்க்கியும் டீயும் கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்துவிட்டு உள்ளே போகாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அந்தக் கார் பிடித்துவிட்டது. ஓடிய தூரத்தைப் பற்றிப் பொய் சொல்லாத கார் இந்தத் தொழிலில் அபூர்வம். 'எடுக்கலாம்' என்ற வார்த்தை நாக்கு நுனிக்கு வந்தே விட்டது. வாயில் வர்க்கி இருந்ததால் கொஞ்சம் தாமதமானது.

அதற்குள் ஜெயபால் சேகரிடம் பேசிக்கொண்டிருந்தார். "காரை எங்கிட்ட உட்டுட்டு நீங்க எதுக்குங்க பஸ்ஸுக்கு நிக்கறீங்க? மேட்டுப்பாளையம் வரைக்கும் நானே இதுல கொண்டுபோயி உடறன். எப்படியும் ஓட்டிப் பாக்கோணுமில்ல. அண்ணா, நீங்களும் வாங்க."

வந்த ஆளை பஸ்ஸில் அனுப்பக் கூடாது என்ற மரியாதைதான் அது. வேறு எந்த யோசனையும் இல்லை.

3. அரவேணுவுக்குக் கீழே

ஜெயபால் ஓட்டினார். நான் முன்னால், சேகர் பின்னால் கால் நீட்டி உட்கார்ந்து போனில் யாரிடமோ "முடிஞ்ச மாதிரிதாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கீழே அரவேணு என்ற ஊர் வரை சாலை அப்படியொன்றும் சரிவில்லை. கார் வழுக்கிக்கொண்டு போனது. ஜெயபால் முகத்தில் இருந்த சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அரவேணு தாண்டியதும் இறக்கம் தொடங்கியது. மலை ஓட்டுநர் யாராக இருந்தாலும் அங்கே கை தானாக இரண்டாவது கியருக்குப் போகும். பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே இறங்குவது எங்களிடம் கெட்ட பெயர் வாங்கும் காரியம். இன்ஜின்தான் வண்டியைப் பிடிக்க வேண்டும். இது ஆட்டோமேட்டிக். ஜெயபால் லீவரை, ஓட்டுநரே கியர் மாற்றும் மேனுவல் பக்கம் தள்ளி, கீழே தட்டினார். நான்கு, மூன்று, இரண்டு.

டாஷ்போர்டில் 2 என்ற எண் வந்தது. உள்ளே எங்கோ ஒரு குலுக்கல். எண் மறைந்தது. அதன் இடத்தில், கியர்பாக்ஸில் கோளாறு என்று மஞ்சள் நிறத்தில் ஒரு பல்சக்கரப் படம் எரிந்தது. கார் எந்தப் பிடியும் இல்லாமல், கயிறு அறுத்துவிட்டது போல ஓட ஆரம்பித்தது.

"அண்ணா, புடிக்க மாட்டீங்குது."

"மறுபடி தட்டுங்க."

தட்டினார். அதே குலுக்கல், அதே மஞ்சள். பிரேக்கை மிதித்தார். கார் அடங்கியது; விட்டதும் மீண்டும் ஓடியது. ஒரு வளைவு, இன்னொரு வளைவு. இரண்டு டன்னுக்குக் கொஞ்சம்தான் குறைந்த வண்டி. மூன்றாவது வளைவுக்குள் காருக்குள்ளேயே அந்த வாசனை வந்துவிட்டது. கருகிய பிரேக் லைனிங் வாசனை. முப்பது வருடம் அதோடு இருந்தவன் நான்.

"சார், ஏதோ தீயற மாதிரி..." என்று பின்னாலிருந்து சேகர் எழுந்து உட்கார்ந்தார்.

"வாயை மூடிட்டு பெல்ட்டைப் போடுங்க சேகரு" என்றார் ஜெயபால். குரல் உயரவில்லை.

எதிரே அரசு பஸ் ஏறி வந்தது. ஏறுகிற வண்டிக்குத்தான் வழி. இறங்குகிறவர் நிற்க வேண்டும். ஜெயபால் நிறுத்தினார். பெடல் எப்போதையும் விட ஆழமாகப் போனதை அவர் முழங்காலைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். பஸ் எங்கள் கண்ணாடியை உரசாத குறையாகத் தாண்டிப் போனது. அதன் டிரைவர் எங்கள் சக்கரத்தைக் காட்டி என்னவோ கத்தினார். கொஞ்சம் கீழே சாலை அகன்ற இடத்தில், ஒரு கேரட் கடைக்குப் பக்கத்தில், மண் மேட்டில் முன் சக்கரத்தை முட்டுக் கொடுத்து ஜெயபால் நிறுத்தினார். இறங்கினோம். நான்கு சக்கரத்திலிருந்தும் புகை வந்தது. கடைக்காரம்மா ஒரு குடம் தண்ணீரோடு ஓடி வந்தார்.

"ஊத்தாதீங்கம்மா, பிரேக் டிஸ்க் வளைஞ்சிரும். தானா ஆறட்டும்" என்றேன்.

"அப்ப நீங்க குடிங்க. மூஞ்சியெல்லாம் வெளுத்துக் கெடக்குது" என்றார் அவர். குடித்தோம்.

சேகர் கோவை முதலாளிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். நடந்ததைச் சொன்னதும் அந்தப் பக்கம் உண்மையான வியப்பு.

"அப்படியாங்க? நான் அந்த மேனுவலைத் தொட்டதே இல்லீங்களே. கியரை டி-யில போடுவேன், சென்னையில போய் இறங்குவேன். இவ்வளவு வருசத்துல மலைக்கு நம்ம கார் போனதே இன்னைக்குத்தான்."

எனக்கு அப்போது விளங்கியது. ஏறும்போது கியர் தள்ளுகிற வேலை செய்கிறது. இறங்கும்போது இழுத்துப் பிடிக்கிற வேலை. இந்தக் காரின் கியர்பாக்ஸ் அந்த இரண்டாவது வேலையை ஒரு நாளும் செய்ததில்லை. எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எப்போது கண்ணாடி மாறியது என்றெல்லாம் பார்த்த நான், எங்கள் சாலையில் தினமும் தேவைப்படும் அந்த ஒன்றைப் பார்க்கவில்லை. யாரும் ஏமாற்றவில்லை. சமவெளியில் அந்தக் குறை யாருக்கும் தெரிந்திருக்காது. எங்கள் ஆட்களும் வண்டி ஏறுகிறதா என்றுதான் காலம் காலமாகக் கேட்டுப் பழகியிருக்கிறோம்.

"ஆயில் மாத்திட்டா செரியாயிடுமுங்க சார்" என்றார் சேகர், பாதி நம்பிக்கையோடு.

"ஆகலாம். ஆகாமலும் போகலாம். பிரிச்சுப் பாக்காம யாரும் சொல்ல முடியாது."

அப்போதுதான் ஜெயபாலின் போன் அடித்தது. வேனை வாங்க வருகிறவர். ஜெயபால் எடுக்காமல் என்னைப் பார்த்தார். கோத்தகிரியில் சுமதி பார்த்த அதே பார்வை.

"வேண்டாம் ஜெயபால்" என்றேன். "இந்தக் கார் வேண்டாம். வேனைக் கொடுக்காதீங்க."

அவர் காரை ஒரு முறை பார்த்தார். பிறகு போனை எடுத்தார். "ஏனுங்க, மன்னிச்சுக்கோங்க. வண்டியைக் குடுக்கறதில்லைங்க. இல்லைங்க, வெலைக்காக இல்லை. எனக்கு வேணுமுங்க." வைத்துவிட்டு, கேரட் கடையின் பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்தார்.

"நாளைக்கு இதுல ரிசார்ட்டு கெஸ்ட்டை வெச்சு இறங்கியிருப்பனுங்கண்ணா" என்றார்.

மீதித் தண்ணீரை அவர் கையில் கொடுத்தேன்.

4. பஸ்ஸில் திரும்பியவர்கள்

சேகர் கீழே இருந்து ரெக்கவரி வண்டி வரும்வரை காருக்குக் காவல் இருந்தார். நாங்கள் கிளம்பும்போது கையைப் பிடித்துக்கொண்டு, "சார், இதை நான் மறைக்க மாட்டேன். அடுத்து வாங்கறவங்ககிட்டச் சொல்லித்தான் விப்பேன்" என்றார். சொல்லியிருப்பார் என்றே நம்புகிறேன். சமவெளிச் சாலையில் அந்தக் கார் இன்னும் பல வருடம் ஓடும். அதன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

மேலே போகும் பஸ்ஸில் நின்றுகொண்டுதான் வந்தோம். ஒவ்வொரு வளைவிலும் டிரைவர் கியர் மாற்றும் சத்தம் வரும்போது ஜெயபால் என்னைப் பார்த்துச் சிரித்தார். வீட்டில் சுமதி தட்டில் குங்குமம், கற்பூரம், சக்கரத்தடியில் வைக்க எலுமிச்சம்பழம் எல்லாம் எடுத்து வைத்திருந்தார். நாங்கள் நடந்து வருவதைப் பார்த்ததும் வாசலுக்கு வந்தார்.

"கார் எங்கீங்க?"

"கீழ நிக்குது" என்றார் ஜெயபால்.

"வேனு?"

"அது நம்முளுதுதான்."

சுமதி தட்டிலிருந்த எலுமிச்சம்பழங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். சற்று நேரத்தில் மூன்று டம்ளர் ஜூஸ் வந்தது. உப்புப் போட்டது. அதற்கு முன்னும் பின்னும் நான் குடித்த எந்த ஜூஸும் அவ்வளவு நன்றாக இருந்ததில்லை.

ரிசார்ட் ஓட்டம் வேறு ஒருவருக்குப் போய்விட்டது. ஜெயபால் அதைப் பற்றி ஒரு நாளும் குறைப்பட்டுக்கொண்டதில்லை. திங்கட்கிழமை காலை வழக்கம்போல் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனார்.

என் வேலை முறையில் ஒரு மாற்றம் செய்துகொண்டேன். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கும் அதையே சொல்கிறேன். மலையில் ஓடப்போகிற காரா? பானட்டைத் திறக்காதே, ஸ்கேனரைச் செருகாதே, கண்ணாடியில் தேதி தேடாதே. முதலில் ஓர் இறக்கத்தில் இரண்டாவது கியரில் இறக்கிப் பார். மற்றதெல்லாம் பிறகு. நல்லது எதையாவது பார்த்துவிட்டால் நமக்கே அந்த வண்டி மேல் ஆசை வந்துவிடும். ஆசை வந்த பிறகு செய்யும் டெஸ்ட் டெஸ்ட் இல்லை. நம்மிடம் கேட்கிறவர் பெரும்பாலும் ஏற்கெனவே ஆசையில் இருப்பவர். இரண்டு பேரில் ஒருவராவது ஆசைப்படாமல் இருக்க வேண்டும். நம்மைக் கூப்பிடுவதே அதற்குத்தான்.