சோதனைப் பெட்டி

ஐந்தே முக்காலுக்கெல்லாம் வீரணன் வாசிக்கத் தொடங்கியிருப்பார். கணினித் திரையில் ஒரு நீண்ட பட்டியல். ‘சாம்பாரில் உப்பு அதிகம்’ என்ற வரி அதில் நாற்பது ஐம்பது தடவை வரும். அது அவரே எழுதிவைத்த பொய்ப் புகார். அவற்றைத் தள்ளிக்கொண்டே போய், நடுவில் உப்பைப் பற்றிப் பேசாத வரி தென்பட்டால் நிறுத்தி, ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதிக்கொள்வார். சில நாள் இந்தியிலும் வரும். இந்தி தெரியாததால் அதைப் படமாக வரைகிறார்; மேல்கோட்டை முதலில் இழுத்துக்கொண்டு, எழுத்துகளை ஒவ்வொன்றாக அதில் தொங்கவிடுகிறார். ஆறு மணி ஆனதும் பட்டியல் தானாக வெறுமையாகிவிடும். எழுதாமல் மிச்சமிருந்தவை போனவைதாம்.

அவர் வேலை பார்க்கும் அலுவலகம் நல்லூரில் ஒரு பேக்கரியின் மாடியில் இருக்கிறது. பனியன் கம்பெனித் தொழிலாளர்களுக்காக ஒரு கைப்பேசிச் செயலி செய்து பதினோரு கம்பெனிகளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். அதில் ஷிப்ட் பார்க்கலாம், லீவு கேட்கலாம், பெயர் சொல்லாமல் புகார் போடலாம். இந்தக் கடைசி வசதியைச் சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர்கள் கட்டாயம் கேட்கிறார்கள். செயலி ஒழுங்காக ஓடுகிறதா என்று தினமும் சோதிப்பது வீரணனின் வேலை. தட்டுவது அவர் விரல் அல்ல. ஒரு பலகையில் ஒயரோடு சாய்ந்து நிற்கும் நான்கு பழைய போன்களை அவர் எழுதிய நிரல் தட்டுகிறது. பக்கம் பக்கமாகத் திறந்து, உப்புப் புகாரை அனுப்பி, பச்சை டிக் வருகிறதா என்று பார்க்கிறது. அன்றைய சோதனை சுத்தமாகத் தொடங்க வேண்டும் என்பதற்காக முந்தின நாள் புகார்களை முதலில் அழித்துவிடுகிறது.

வீரணன் உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர். ஒன்பது வருடம் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் தைத்தவர். முதுகெலும்பு தேய்ந்து படுத்திருந்த மாதங்களில் வீடியோ பார்த்து நிரல் எழுதப் பழகினார். போன்கள் ஓடும்போது மேஜைக்கடியில் வலது கால் இன்னும் பெடல் மிதிக்கிறது. ஒரு போன் உறைந்து நின்றால் காலும் நின்றுவிடும். “எந்திரிடா பயபுள்ள, லைன் நிக்கிதுல்ல” என்று அதன் முதுகில் செல்லமாகத் தட்டுவார். டீயை முழுக்க ஆறவிட்டுத்தான் குடிப்பார். மெஷின் முன்னால் சூடாகக் குடிக்க நேரம் கிடைத்ததில்லை, அப்படியே பழகிவிட்டது.

ஐப்பசியில் ஒரு நாள் விடியற்காலை நல்லூரில் கரண்ட் இல்லை. ஆறு மணிக்கு ஓட வேண்டிய நிரல் ஓடவில்லை. ஒன்பது மணிக்கு வந்தவர் சோதனைப் புகார்கள் விழும் பெட்டியைக் கையால் காலி செய்யத் திறந்தார். உப்பு, உப்பு, உப்பு என்று போன பட்டியலில் ஒரு வரி மட்டும் வேறாக இருந்தது: ‘பாத்ரூம் போக டோக்கன் வாங்கணுமாம். ஒரு லைனுக்கு ஒரே டோக்கன். முடியல.’

செயலியை வெளியிட்ட அன்று, புகார்கள் போய்ச் சேர வேண்டிய முகவரியை மாற்ற மறந்திருக்கிறார்கள். சோதனைக்காக வைத்திருந்த முகவரியே அப்படியே இருந்துவிட்டது. பதினோரு கம்பெனிப் புகார்களும் வீரணனின் சோதனைப் பெட்டியில் விழுந்து, தினமும் காலை ஆறு மணிக்கு அவருடைய நிரலாலேயே அழிந்திருக்கின்றன. எட்டு மாதம். அத்தனை நாளும் ரிப்போர்ட் பச்சைதான். நிரல் டிக்கை மட்டும்தான் பார்த்தது. டிக் தவறாமல் வந்தது. “நாந்தான எழுதுனேன். டிக்கப் பாருன்னு எழுதுனேன், பாத்துச்சு. அதக் குத்தம் சொல்லி என்ன செய்ய” என்கிறார். எத்தனை புகார் போயிருக்கும் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறார்.

அன்றைக்கே முதலாளி தரணீதரனிடம் போய்ச் சொன்னார். தரணீதரன் யாரையும் கடிந்து பேசாத மனிதர். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

“ஒரு வரி மாத்துனாப் போதும் சார். நீங்க பாஸ்வேர்டு போட்டு வெளியிட்டா இன்னைக்கே சரியாயிரும்.”

“சரிங்க வீரணன். எட்டு மாசமா எல்லாக் கம்பெனிலயும் புகார் சைபருங்க. பையருக்கு அதுல அவ்வளவு சந்தோசம். சுவத்துல பிரேம் போட்டு மாட்டியிருக்கறாங்க. இப்பத் திடீர்னு முப்பது, நாப்பது வந்தா முன்ன வந்ததெல்லாம் எங்கீன்னு கேப்பாங்களா இல்லீங்களா?”

“பொம்பளப் பிள்ளைக போட்டதுக சார்.”

“புரியுதுங்க. ஆடிட் முடியட்டும், பாத்துக்கலாமுங்க. நாம ஆப் பண்றவங்கதானுங்க, பஞ்சாயத்து பண்றவங்க இல்லீங்களே.”

ஆடிட் இரண்டு முறை முடிந்துவிட்டது.

ஒரு தடவை வீரணன் அழிக்கும் பகுதியை நிறுத்திப் பார்த்தார். மறுநாள் பெட்டி காலியாக இல்லாததால் சோதனைகள் வரிசையாகத் தோற்று, ரிப்போர்ட் முழுக்கச் சிவந்து முதலாளியின் போனுக்குப் போனது. “ஏனுங்க, ஒரே செவப்பா இருக்குதுங்க?” என்று அவர் மெதுவாகத்தான் கேட்டார். மத்தியானத்துக்குள் வீரணன் பழையபடி மாற்றிவிட்டார். திரும்ப ஓவர்லாக்கில் உட்கார இந்த முதுகு இடம் கொடுக்காது என்பது இருவருக்கும் தெரியும். அதன் பிறகுதான் இந்த நோட்டு. மூன்றாவது நோட்டு இப்போது பாதிக்கு மேல் வந்துவிட்டது. யாரிடம் கொடுப்பதென்று தெரியவில்லை. புகார்களில் பெயர் இல்லாததால் எழுதியவர்களைத் தேடிப்போய்ச் சொல்லவும் வழியில்லை.

மனைவி அபிராமி அவிநாசி ரோட்டில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறாள். அங்கேயும் இந்தச் செயலிதான். ஆரம்பத்தில் பெண்கள் அதைத் தொடப் பயந்தபோது, “எங்க வீட்டுக்காரரு சோதிச்சுப் பாத்து விடுற ஆப்தான். தைரியமாப் போடுங்க” என்று லைன் முழுக்கச் சொன்னவள் அவள். வீரணன் அவளிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. நோட்டைப் பார்த்துக் கேட்டபோது ஆபீஸ் வேலை என்றார்.

போன திங்கட்கிழமை உப்புகளுக்கு நடுவே ஒரே ஒரு வரி இருந்தது. எழுதிக்கொண்டார், ஆறு மணிக்கு அது போனது. ஏழரைக்குச் சாப்பிட வீட்டுக்குத் திரும்பும் வழியில், கம்பெனி வேனுக்குக் காத்திருந்த அபிராமியின் டிபன் பாக்ஸைக் கையில் வாங்கிக்கொண்டு உடன் நின்றார். அவளோடு வேலை பார்க்கும் கருத்தம்மா பக்கத்தில் வந்தாள். அவள் மகளும் அதே கம்பெனிதான். பதினெட்டு முடிந்து இப்போதுதான் சேர்ந்திருக்கிறது.

“அண்ணே, ராத்திரி ஒண்ணு போட்டேன். இந்தாங்க, நீங்க பாத்துச் சொல்லுங்க. போயிருச்சா?”

போனை நீட்டினாள். பச்சை டிக். அதன் கீழே, காலையில் அவர் கையால் எழுதிய அதே வரி: ‘சூப்பர்வைசர் எம்மகள ஸ்டோர் ரூமுக்குத் தனியா வரச் சொல்றாரு. பெரியவுக கவனிக்கணும்.’

“பெரியவுக பாத்துருப்பாகளாண்ணே?”

“பாக்காம?” என்றாள் அபிராமி. “டிக்கு விழுந்துருச்சுல்லக்கா. இவுக ஆபீசே அதுக்குத்தான இருக்கு.”

வேன் வந்து நின்றது. கருத்தம்மா ஏறாமல் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த போனின் கண்ணாடியில் பனியன் பஞ்சு படிந்திருந்தது. வீரணன் சட்டை முனையால் அதை முன்னும் பின்னும் நன்றாகத் துடைத்து, அவள் கையில் கொடுத்தார்.