சம்மனசு கோவில் மணிக்காரி

மர்சலின் என்கிற பெயரை அஸ்மத்துன்னிசா முதல் தடவை கேட்டது மதில் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தோராம் வருஷம், ஆனி மாதம். ஜட்கா ஓட்டுகிற மெஹபூப் அலி, சாந்தோமுக்குத் தெற்கே, தேவதூதர் பேரில் கட்டின சம்மனசு கோவிலின் பின்மதிலை ஒட்டின வீட்டுக்கு, பெண்டாட்டி அஸ்மத்துன்னிசாவையும் கைக்குழந்தை ஜஹீதாவையும் கூட்டிக்கொண்டு குடிவந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. அஸ்மத்து அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

"மர்சலின்! ஏ மர்சலின்! பட்டாளத்துலேந்து கடுதாசி வந்துகீது!" என்று ஒரு ஆண்குரல்.

"வந்தா வரட்டும். கையெல்லாம் மீன் செதிலு. இன்னா எழுதிகீறானாம்?" என்று ஒரு பெண்குரல்.

"என்னியத் திரும்ப வரச் சொல்றான். பர்மாவுல கலாட்டாவாம்."

அதற்கப்புறம் ஒரு சட்டி விழுந்து உருண்டு, நிற்கிற வரைக்கும் சத்தம் கேட்டது.

மர்சலினின் புருஷன் பிலிப் அந்தக் கோவிலுக்குக் கோயில்பிள்ளை. அதாவது பூசைக்கு வேண்டியதை எடுத்து வைத்து, திரி ஏற்றி, கூட்டிப் பெருக்கி, மணி அடிக்கிறவன். அதற்கு முன்னால் பெங்களூர்ப் பட்டாளத்தில் பாலம் கட்டுகிற கம்பெனியில் ஏழு வருஷம் இருந்தவன். கூப்பிட்டால் வரவேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் அவனை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். இப்போது கூப்பிட்டுவிட்டார்கள்.

கோயில்பிள்ளை வேலையோடு சேர்ந்ததுதான் கோவிலுக்குப் பின்னாலிருந்த ஒற்றை அறை வீடு. வேலைக்கு வேறு ஆள் வந்தால் வீடும் அவனுக்குத்தான். மர்சலின் செங்கல்பட்டுக்கு மாமியாரிடம் போகவேண்டும். பிலிப் திரும்பி வந்தாலும் வேலையும் கிடையாது, குந்த இடமும் கிடையாது. அதனால் மர்சலின் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நேரே பங்குச்சாமியாரிடம் போய் நின்றாள். உண்மையைச் சொன்னால் கூட்டுவதும் பெருக்குவதும் பீடத்துணி துவைப்பதும் அத்தனை நாளாக அவள்தான் செய்துகொண்டிருந்தாள். மணி ஒன்றுதான் பிலிப்பினுடையது.

"பொம்பளை மணி அடிச்சு நான் பார்த்ததில்லையே, மகளே" என்றார் சாமியார். கோவாக்காரர், வயதானவர், முன்கோபி.

"பார்க்க வேணாம் சாமி. கேட்டாப் போதும்" என்றாள் மர்சலின்.

சாமியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோவில் பெரியவர்கள் ஆறு பேருக்கும் வரவில்லை. அவர்களுக்குத் தலைவர் வால்டர். பென்ஷன் வாங்குகிறவர், கஞ்சி போட்ட கோட்டு, ஊரில் யாருக்கும் அவரை எதிர்த்துப் பேசத் துணிச்சல் இல்லை. அவர்தான் தீர்ப்புச் சொன்னார். "செப்டம்பர் திருநாளுக்குக் கொடியேத்தற வரைக்கும் பார்ப்போம். ஒழுங்கா அடிச்சா இருக்கட்டும். இல்லேன்னா வேற ஆளு."

பிலிப் கப்பலேறிப் போனான். மறுநாள் விடியலில் மர்சலின் கயிற்றைப் பிடித்தாள்.

கோவில் மணியில் ஒரு சூட்சுமம் உண்டு. கயிற்றை இழுத்த உடனே விட்டுவிடவேண்டும். மணி தானாக ஆடிப் போய்த் தானாகத் திரும்பி வந்து கலகலவென்று பேசும். இழுத்த கயிற்றை விடாமல் பிடித்துக்கொண்டால் ஒரே ஒரு அடி, 'டங்' என்று விழுந்து அடங்கிப்போகும். யாராவது இறந்தால் பிலிப் வேண்டுமென்றே அப்படிப் பிடித்து நிறுத்தித்தான் துக்கமணி அடிப்பான். மர்சலினுக்கு வாழ்நாளெல்லாம் பழகின கயிறு கிணற்றுக் கயிறு. கிணற்றில் இழுத்த கயிற்றை விட்டால் குடம் உள்ளே போய்விடுமே! அவள் இழுத்தாள், கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு கையை மாற்றி இழுத்தாள், பிடித்துக்கொண்டாள்.

டங். டங். டங்.

முதலில் ஓடிவந்தவள் முள்ளிக்குப்பத்து மீன்காரி வேலம்மா. கூடை தலையிலிருந்தபடியே, "யாரு நைனா பூட்டாங்க?" என்று தெருவில் நின்று கத்தினாள். யாருக்குத் தெரியும்? வால்டருக்குப் பத்து நாளாகக் காய்ச்சல் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். கூட்டம் வால்டர் வீட்டுப் பக்கம் திரும்பியது. யாரோ வழியிலேயே மாலைக்குச் சொல்லிவிட்டார்கள். வேலம்மா மாரில் அடித்துக்கொள்ள வசதியாகக் கூடையை இறக்கி வைத்தாள்.

வால்டரோ காய்ச்சல் விட்டு அன்றைக்குத்தான் எழுந்து, ஈசிச்சேரில் சாய்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். கூட்டத்தைப் பிளந்துகொண்டு தலைவிரி கோலமாக உள்ளே விழுந்தவள் அவர் தங்கை ஆலிஸ். பேண்டு செட்டில் கிளாரினெட் ஊதுகிறவனைக் கட்டிக்கொண்டாள் என்று ஏழு வருஷமாக அண்ணன் அவளோடு பேசுவதில்லை. மூன்று தெரு தள்ளித்தான் வீடு. பூசையிலே பார்த்தால்கூட அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

"அடப்பாவி அண்ணாத்தே! உசிரோடவா கீற?" என்றாள் ஆலிஸ்.

"உசிரோட இருக்கறதுக்கு உங்கிட்ட பர்மிஷன் வாங்கணுமா?"

"உசிரோட இருந்தப்ப ஏழு வருசம் பேசல. செத்தாவது பேசுவியான்னு ஓடியாந்தேன்!" என்று சொல்லி அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். அழுகையோடு சிரிப்பும் வந்தது அவளுக்கு.

வால்டர் கூட்டத்தைப் பார்த்தார், வாசலில் வந்து நின்ற மாலையைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். "கண்ணைத் தொடச்சுக்க. காபி ஆறுது. ஒரு டம்ளர் குடிச்சிட்டு அப்புறம் திட்டு" என்றார்.

இத்தனையும் ஆனபிறகும் மத்தியானம் கோட்டைப் போட்டுக்கொண்டு சாமியாரிடம் போய், "அந்தப் பொண்ணு என்னைச் சாகடிச்சிட்டா சாமி" என்று பிராது கொடுத்துவிட்டுத்தான் வந்தார். மனுஷன் கௌரவம் அப்படி.

அன்றைக்குச் சாயங்காலம் மர்சலின் மதிலோரம் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். மதிலில் ஓரிடத்தில் இரண்டு செங்கல் பெயர்ந்து ஓட்டையாகியிருந்தது. அதன் வழியாக ஒரு கை நீண்டது. கையில் ஒரு கிண்ணம் சேமியாப் பாயசம்.

"குடிங்கக்கா. செத்த வூட்டுல அடுப்பு மூட்ட மாட்டாங்களாம். அதான் எங்க வூட்லேந்து" என்றாள் அஸ்மத்து.

மர்சலின் திகைத்தாள். அப்புறம் சிரித்த சிரிப்பில் பாயசம் பாதி புடவையில் கொட்டியது. அன்றைக்குத் தொடங்கியது அந்த இரண்டு பேர் சிநேகம்.

மணி மட்டும் சரிப்படவில்லை. காலை, நண்பகல், மாலை என்று தினம் மூன்று வேளை. ஒரு வேளை நன்றாக விழும், மறு வேளை கை தன் பழக்கத்துக்குப் போய்விடும். குப்பத்து ஜனங்களுக்கு அதுவும் பழகிப்போயிற்று. "நீ அடிச்சா யாரும் சாவலன்னு முடிவு கட்டிட்டோம் கண்ணு" என்றாள் வேலம்மா. "நெசமாவே யாராச்சும் பூட்டா ஆளு அனுப்பிச் சொல்லு." வேலம்மா வேடிக்கையாகத்தான் சொன்னாள். மர்சலினுக்கு அது சுருக்கென்று தைத்தது. கொடியேற்றத்துக்கு இரண்டு மாதம்கூட இல்லை.

ஒரு பிற்பகல் மர்சலின் அஸ்மத்து வீட்டுக்குப் போயிருந்தாள். உத்தரத்தில் தூளி தொங்கியது, உள்ளே ஜஹீதா. தூளியில் கட்டின நீளக்கயிறு அஸ்மத்துவின் கையில். அவள் பாட்டுக்கு ஒரு கையால் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே மறு கையால் கயிற்றைச் சுண்டிவிட்டுக்கொண்டிருந்தாள். இழுப்பது தெரியும், விடுவது தெரியாது. தூளி தானாகப் போய்த் தானாக வந்தது.

"அஸ்மத்து, அந்தக் கயித்த இப்படிக் குடு" என்றாள் மர்சலின்.

இழுத்தாள். இழுத்த கை அப்படியே நின்றது. தூளி பாதியில் நின்று குலுங்கியது. ஜஹீதா வீறிட்ட சத்தத்தில் வாசலிலே கட்டியிருந்த குதிரை கனைத்தது.

"யா அல்லா! கெணத்துல தண்ணியா எறைக்கிற? உட்டுடுக்கா!" என்றாள் அஸ்மத்து. "அந்த மணி வாயில்லாப் பூச்சி, நீ இன்னா பண்ணாலும் பொறுத்துக்கினு கெடந்துது. இவளுக்கு வாய் கீது. இவ சொல்லிக் குடுப்பா உனக்கு."

அப்படியேதான் நடந்தது. தினம் பிற்பகல் பாடம். வாத்தியார் தூளிக்குள்ளே. கயிற்றைப் பிடித்தால் அழுகை, விட்டால் அமைதி. மூன்று தடவை இழுத்து விட்டு, கொஞ்சம் இடைவெளி கொடுத்து, மறுபடி மூன்று, மறுபடி மூன்று, கடைசியில் ஒன்பது என்று திரிகால ஜெபத்து மணிக் கணக்கையும் தூளியிலேயே பழகினாள். பதினைந்தாம் நாள் ஒன்பதும் முடிந்து எட்டிப் பார்த்தால் ஜஹீதா வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தது. மெஹபூப் அலி வாசலில் நின்று, "இன்னா, நம்ம பொண்ணுக்கு ஞானஸ்நானமே பண்ணிட்டீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல பாய். எனக்குத்தான் இப்பப் பண்ணிகீறா ஒங்க பொண்ணு" என்றாள் மர்சலின்.

அந்த வாரமே பர்மாவிலிருந்து பிலிப்பின் கடிதமும் வந்தது. மர்சலின் மதில் ஓட்டையில் வாயை வைத்து உரக்கப் படித்தாள். 'பாலம் கட்டத்தான் கூட்டிவந்தார்கள். வந்த இடத்தில் என்னைக் கோவேறு கழுதைக்கு ஆளாகப் போட்டுவிட்டார்கள். இழுத்தாலும் வரமாட்டேன் என்கிறது, விட்டாலும் போகமாட்டேன் என்கிறது. நேற்று என் தொப்பியைத் தின்றுவிட்டது. அதற்கு உன் பேரை வைத்திருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. மணி எப்படி?'

"வரட்டும் அந்தாளு. அவரு தொப்பிய நான் தின்னுறேன்" என்றாள் மர்சலின். அன்று மாலை மணி கலகலவென்று அடித்தது. வேலம்மா தெருவில் நின்று, மேலே பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

கொடியேற்றம் வந்தது. கொடி கம்பத்தின் அடியிலிருந்து கிளம்பும்போது மணியும் கிளம்பவேண்டும். கொடி உச்சிக்குப் போய்ச் சேருகிறவரைக்கும் நிற்கக்கூடாது. நடுவில் அடி தப்பி ஒற்றையாய் விழுந்தால் அந்த வருஷத்துக்கே ஆகாது என்பார்கள். அஸ்மத்து புர்கா போட்டுக்கொண்டு, மதிலோரம் நிறுத்தின ஜட்காவில் திரைக்குப் பின்னால் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். சாமியார் ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்துக் கொடியை மந்திரித்தார். ஆறு பெரியவர்களும் வரிசையாக நின்றார்கள். கொடி கிளம்பியது, மணி கிளம்பியது.

பாதிக் கம்பத்தில் கொடி நின்றுவிட்டது. உச்சியில் உருளைக்குள் கயிறு சிக்கிக்கொண்டது. இழுக்கிறார்கள், உதறுகிறார்கள், அது அசையவில்லை. மணி மட்டும் விடாமல் அடித்துக்கொண்டிருக்கிறது. கடைசியில் வேலம்மாவின் புருஷன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கம்பத்தில் ஏறினார். பாய்மரம் ஏறின கால் அவருக்கு. ஆனாலும் கம்பத்துக்குப் புதிதாக எண்ணெய் பூசியிருந்தார்கள். ஒரு முழம் ஏறினால் அரை முழம் வழுக்கும். கூட்டம் சிரிக்கிறது, கூச்சல் போடுகிறது. கால் மணி நேரம் ஆகிவிட்டது. பிலிப்பே ஒரு நாளும் அவ்வளவு நேரம் அடித்ததில்லை. ஜட்காவுக்குள் அஸ்மத்துவின் கை தானாக இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தது. உட்டுடுக்கா, உட்டுடுக்கா என்று முணுமுணுத்தாள். கொடி உச்சிக்குப் போய் விரிந்தது. அதற்கப்புறமும் ஒன்பது அடித்துத்தான் மணி ஓய்ந்தது. ஒற்றை அடிகூடத் தப்பவில்லை.

மர்சலின் வெளியே வந்தாள். உள்ளங்கை இரண்டும் தோலுரிந்து சிவந்திருந்தன.

அப்படியும் பெரியவர்களில் ஒருத்தர், "அடிச்சதுல குத்தமில்ல. ஆனா பொம்பளைங்கறது…" என்று இழுத்தார். மற்றவர்கள் வால்டரைப் பார்த்தார்கள். பிராது அவருடையதாயிற்றே. மர்சலின் கையைப் புடவையில் மறைத்துக்கொண்டு நின்றாள்.

வால்டர் கோட்டுப் பொத்தானைச் சரிசெய்தார். அவருக்குப் பக்கத்தில் ஆலிஸ் நின்றாள். ஆலிஸுக்குப் பக்கத்தில் கிளாரினெட்டோடு அவள் புருஷன். அந்தத் திருநாளுக்கு வாசிக்க அவனைக் கூப்பிட்டவரே வால்டர்தான்.

"பிலிப் ரெண்டு வருசம் மணி அடிச்சான். கணக்கா அடிச்சான். என் தங்கச்சி என் வூட்டுப் படி ஏறல" என்றார். "இந்தப் பொண்ணு மொத நாளே தப்பா அடிச்சா. அன்னைக்கு ஏறினவ இன்னும் எறங்கல. காபிப் பொடி எனக்குக் கட்டுப்படியாவல, அது வேற விசயம்."

"கஞ்சன்" என்றாள் ஆலிஸ்.

"இவளே இருக்கட்டும் சாமி. என் பிராதை வாபஸ் வாங்கிக்கறேன்."

"எழுதின பிராதா அது? வாயால சொன்னதுதானே. போய்ச் சாப்பிடுங்க எல்லாரும்" என்றார் சாமியார். கிளாரினெட் கிளம்பிவிட்டது. மர்சலின் முக்காடு நழுவினதுகூடத் தெரியாமல் மதில்பக்கம் ஓடி, ஜட்காத் திரையைத் தூக்கி, வாத்தியாரம்மாவை வாங்கி முத்தம் கொடுத்தாள். குழந்தை அழுதது.

பிலிப் அடுத்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு முன்னால் கறுத்து இளைத்துத் திரும்பி வந்தான். மறுநாள் கயிற்றுப் பக்கம் போனவனைச் சாமியார் தடுத்துவிட்டார். "நீ திரி ஏத்து. அது அவ வேலை." அவனும் சந்தோஷமாகத் திரி ஏற்றினான். அவர்களுக்கு மூன்று ஆண், ஒரு பெண். மூத்தவன் கட்டினது ஆலிஸின் மகளை. பெண்ணுக்கு வாய்த்தவன் ரயில்வேயில் இருக்கிறான்.

மர்சலின் இப்போது பரங்கிமலையில் அந்தப் பெண் வீட்டில் இருக்கிறாள்.