தோல் மட்டும் போதும் என்றவர்

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். நான் கல்யாணமாகி வல்லத்திராக்கோட்டைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. புகுந்த வீட்டில் ஆடுதான் பிழைப்பு. இரவில் வயலில் ஆடுகளை அடைக்கும் கிடைக்குக் காவல் போவது என் கணவர்.

ஊரை ஒட்டிய காட்டில் ஒரு சிறுத்தை குட்டியோடு இருந்தது. ஊரில் எல்லோருக்கும் அது புலிதான். முயல், மான் என்று தின்றுகொண்டு அது பாட்டுக்கு இருந்தது. காடு சமஸ்தானத்துடையது என்பதால் அதன் மேல் யாரும் கை வைப்பதில்லை.

அப்போதுதான் ஒரு தோல் வியாபாரி வந்து ஊர்ச் சாவடியில் தங்கினார். அவர் வந்த வாரமே எங்கள் கிடையில் ஓர் ஆடு காணாமல் போனது. சில நாளில் இன்னொன்று. இரண்டு முறையும் ஈர மண்ணில் புலித்தடத்தை முதலில் பார்த்துச் சொன்னவர் அவர்தான். தூங்கிவிட்டாய் என்று மாமனார் என் கணவரைப் பேசாத பேச்சில்லை. தான் கண்ணே மூடவில்லை என்று அவர் என்னிடம் மட்டும் சொல்லி வருத்தப்பட்டார்.

விஷம் வைத்துப் புலியைக் கொன்று தருவதாக வியாபாரி முன்வந்தார்.

"காசு எதுவும் வேணாங்க. தோல மட்டும் எடுத்துக்கிறேன்."

ஊரே அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. யாரையும் சட்டென்று நம்புகிற குணம் எனக்குப் பிறவியிலேயே கிடையாது. இதற்காகவே அம்மாவிடம் நிறையத் திட்டு வாங்கியிருக்கிறேன். வந்த மனிதருக்கு எங்கள் ஆட்டின் மேல் என்ன இத்தனை அக்கறை என்று மனசு குடைந்துகொண்டே இருந்தது.

ஒருநாள் காலையில் வியாபாரி சாக்குமூட்டையோடு வீட்டு வாசலுக்கு வந்தார். சந்தையில் வாங்கி அறுத்த ஆடாம், மருந்து தடவியாகிவிட்டதாம். குளத்துப் பக்கம் போட்டுவிட்டு வர மாமனாரைக் கூப்பிட்டார். குடிக்கத் தண்ணீர் கேட்டார். கொண்டுபோய்க் கொடுத்தபோது பார்த்தேன், சாக்கின் வாயில் ஒரு காது நீட்டிக்கொண்டிருந்தது. நுனியில் இரண்டு வெட்டு.

ஆடு வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் காதில் ஓர் அடையாளம் உண்டு. அந்த இரட்டை வெட்டு எங்களுடையது.

பெரியவர்கள் முன்னால் நான் வாய் திறந்ததே இல்லை. தப்பாகச் சொல்லிவிட்டால் பிறந்த வீட்டுக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். சும்மா இருந்தால் பொழுது சாய்வதற்குள் அந்தக் குட்டிக்குத் தாய் இருக்காது.

"மாமா, நம்ம ஆட்டப் புலி தின்னுருச்சுன்னு சொன்னாக. அது எப்புடி இவுக சாக்குக்குள்ள வந்துச்சுன்னு கேளுங்க."

மாமனார் கைத்தடியால் அந்தக் காதைத் தூக்கிப் பார்த்தார். எவனோ திருட்டு ஆட்டைத் தன் தலையில் கட்டிவிட்டான் என்று வியாபாரி சமாளித்தார். அதற்குள் என் கணவர் அவருடைய தோள்பையைப் பிடுங்கிக் கவிழ்த்தார். காய்ந்த புலிப்பாதம் ஒன்று விழுந்தது. அடியில் எங்கள் வயல் மண் அப்பியிருந்தது. வியாபாரி பையைக்கூட எடுக்காமல் ஓடினார்.

விஷ ஆட்டை ஆழமாகக் குழிவெட்டிப் புதைத்தோம். மாமனார் தன் மகனை வீட்டில் படுக்கச் சொன்னார். அன்று கிடைக்காவலுக்கு அவரே போனார்.

புலி இனமே அழிந்து வருகிறது என்று இப்போது பேப்பரில் படிக்கும்போதெல்லாம், செய்யாத குற்றத்துக்கு, ஏனென்று கேட்க ஒரு நாதி இல்லாமல், இப்படி எத்தனை செத்துப்போயிருக்குமோ என்று வயிறு எரிகிறது.