பன்னிரண்டாவது மாற்றம்

மலேசியாவில், காப்பார் ரப்பர் தோட்டத்தில் மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பழைய மெஷினை வைத்து அச்சகம் போட்டேன். வெள்ளம் வந்து காகிதமெல்லாம் கூழானது. மறுபடியும் போட்டேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், இங்கிலீஷ் ஒப்பந்தம்... எல்லாம் அடித்தேன். இங்கிலீஷ் இன்றுவரை ஒரு வரி படிக்கத் தெரியாது. மகள் வசந்தியைக் கம்ப்யூட்டர் படிக்க வைத்தேன்.

இதையெல்லாம் இப்போது ஏன் சொல்கிறேன்?

முந்தாநாள் அவள் கம்பெனியின் இங்கிலீஷ் விளம்பரத் தாள் கைக்கு வந்தது. உருவாக்கியவர்கள் என்று மூன்று பெயர் இருப்பதாகப் படித்துச் சொன்னார்கள். என் பெயர் இல்லை. படிக்கத் தெரியாவிட்டால் என்ன, என் பெயரின் வடிவம்கூடவா எனக்குத் தெரியாது?

அரசாங்க வேலையை உதறிவிட்டு, பெட்டாலிங் ஜெயாவில் இரண்டு நண்பர்களோடு அவள் தொடங்கிய கம்பெனி அது. இரண்டு பத்திரங்களை ஒப்பிட்டு, எங்கெங்கே மாற்றியிருக்கிறார்கள் என்று காட்டும் சாஃப்ட்வேர். பத்திரத்தைப் பூட்டி அனுப்பவும் செய்யும். உரியவர் தவிர யாரும் திறக்க முடியாது. ஆனால் ஒருவரும் வாங்கவில்லை. கிள்ளானில் ஒரு வக்கீல் மட்டும் சோதித்துப் பார்க்கலாம் என்றார். அதிலும் தோற்றால் கம்பெனியை மூடுவது என்று மூவரும் பேசி வைத்திருந்தார்கள்.

அவளையும் கம்ப்யூட்டரையும் ஏற்றிக்கொண்டு நான்தான் வேன் ஓட்டிப் போனேன்.

வக்கீல் ஒரு நில ஒப்பந்தத்தின் இரண்டு பிரதிகளைக் கொடுத்தார், கம்ப்யூட்டர் டிஸ்கெட்டிலும் தாளிலும். இரண்டாவதில் சில இடங்களை அவரே மாற்றியிருக்கிறார். எத்தனை என்று சொல்லவில்லை.

கம்ப்யூட்டர் மெஷின் உறுமிக்கொண்டே இருந்தது. என்னால் சும்மா உட்கார முடியவில்லை. தாள்களை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனேன். ஒன்றின்மேல் ஒன்றை வைத்து வெளிச்சத்தில் பிடித்தேன். அச்சகத்தில் முப்பது வருஷம் அப்படித்தான் ப்ரூஃப் பார்த்தேன். மாறாத வரிகள் ஒட்டி உட்காரும். மாறியது கறுப்பாகத் திரளும்.

மெஷின் பதினொன்று என்றது. நான் எண்ணியது பன்னிரண்டு.

கடைசிப் பக்கத்தில் கட்டம் போட்ட அட்டவணை. அதற்குள் நிலத்தின் லாட் நம்பர். ஒன்றில் 1876, இன்னொன்றில் 1867. மெஷின் கட்டத்துக்குள் எட்டியே பார்க்கவில்லை.

"அவ்வளவுதானா?" என்று வக்கீல் வசந்தியிடம் கேட்டார்.

சொன்னால் அவளுக்கு அவமானம். சொல்லாவிட்டால் எல்லாம் போச்சு. தமிழில் கிசுகிசுக்கலாம் என்றால், வக்கீலுக்கும் தமிழ் தெரியும், யாழ்ப்பாணத்துக்காரர்! அவள் வாயைத் திறப்பதற்குள் தாளை மேசையில் வைத்தேன்.

"கட்டத்துக்குள்ள பாரும்மா. உன் மெஷின் அங்க போகவே இல்ல."

தாளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு வக்கீலிடம் நேராகச் சொன்னாள்: "பன்னிரண்டு, சார். இதை எங்க புரோகிராம் விட்டுடுச்சு. அப்பா கண்டுபிடிச்சார். ரெண்டு வாரம் குடுங்க, சரி பண்ணிட்டு வரேன்."

வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார். "பன்னிரண்டு இடத்திலதான் மாத்தினனான். பதினொண்டோட நிப்பாட்டியிருந்தா உங்களை அப்பவே திருப்பி அனுப்பியிருப்பன். பிழையை ஒத்துக்கொண்டனீங்கள். ரெண்டு வாரத்தால திரும்பி வாங்கோ."

போனோம். வாங்கினார். முதல் வாடிக்கையாளர் அவர்தான்.

இப்போது மெஷின் கட்டத்துக்குள்ளும் பார்க்கிறது. இருந்தாலும் அடுத்த வாரம் கோலாலம்பூரில் இன்னொரு கம்பெனி சோதிக்கப் போகிறது என்றதும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. இன்னும் எதைப் பார்க்காமல் விடுகிறதோ...

பெயர் விஷயத்தை வசந்தியிடம் கேட்டேன். "நீங்க புரோகிராம் கோட் எழுதலையேப்பா" என்று சிரித்தாள். கோட் எழுதிய மூன்று பேரும் பதினொன்றோடு நின்றுவிட்டார்களே, அது மட்டும் கணக்கில்லையா?

ஆகையால் இங்கேயே எழுதி வைக்கிறேன். அடுத்த முறை அச்சடிக்கும்போது நாலாவதாக என் பெயர் வர வேண்டும். 'உதவியவர்' என்று போட்டால் ஒப்புக்கொள்ள மாட்டேன் — 'பன்னிரண்டாவதைக் கண்டுபிடித்தவர்' என்று முழுசாகப் போடு, மகளே.