பெயர் எழுதிய குழாய்

எங்கள் துறைமுக நகரமான ஸ்ஃபாக்ஸில் வஹீதா ஆய்வகக் குளிர்பெட்டியைத் திறந்தால், துறைமுகத்து மீன்கள்கூடக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். மீனுக்குக் கை கிடையாது; கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன்.

முதலில் கதவை மோந்து பார்ப்பாள். பிறகு குழாய்களை வெளிச்சத்தில் பிடித்து மட்டம் பார்ப்பாள். மதிய ரொட்டியை மடியிலேயே வைத்துக்கொள்வாள். மேசையில் வைத்தால் உள்ளே சூரைமீன் குறைகிறதாம். ஆய்வேடுகளில் பிழை திருத்தப் போகும் என்னையும் விடமாட்டாள். "பெரியம்மா, வரும்போது பை இவ்வளவு உப்பலா இல்லியே?"

அவள் காப்பது ஐ.பி.டி.ஜி. என்னும் வெள்ளைத் தூள். கரைத்தால் தண்ணீர் போலவே இருக்கும். ஒரு துளி விட்டால் போதும், பால் சர்க்கரை வந்துவிட்டதென்று பாக்டீரியா ஏமாந்து, உறங்கும் மரபணுவை எழுப்பி, நாம் கேட்ட புரதத்தைச் செய்யத் தொடங்கும். தின்னப் பார்த்தால் செரிக்காது.

"பொய் சொல்லியே பொழைக்கிற மருந்து" என்பாள் வஹீதா. "இதத் தேடி வர்றவன நான் நம்பணுமா?"

மேல்மாடி ஆய்வகத்தார் திருடுகிறார்கள் என்று அவளுக்குச் சந்தேகம். ஆகவே மருந்தை 'உப்புக் கரைசல்' என்றெழுதிய குழாய்களுக்கு மாற்றினாள். உப்பை யார் திருடுவார்? மருந்தின் பெயர் எழுதிய குழாய்களில் வெறும் தண்ணீர். பொறி கெட்டுவிடக் கூடாதென்று யாரிடமும் மூச்சுவிடவில்லை. அப்படியே அக்கா மகள் கல்யாணத்துக்குப் போய்விட்டாள்.

தேள் நஞ்சுக்கு முறிமருந்து தேடும் ஆய்வு மாணவி எம்னா, இயக்குநரிடம் குளிர்பெட்டியின் மாற்றுச் சாவி வாங்கி வேலையைத் தொடர்ந்தாள். பாக்டீரியா கொழுத்து வளர்ந்தது. புரதம் மட்டும் வரவில்லை. மறுபடி செய்தாள். வரவில்லை. அந்த வாரத்துக்குள் காட்டாவிட்டால் அவள் உதவித்தொகை நின்றுவிடும்.

மருதாணிக் கையோடு திரும்பிய வஹீதா கேட்டாள்: "எந்தக் குழாய எடுத்த?"

"மருந்து பேரு எழுதியிருந்ததுதான், அக்கா."

"எழுதியிருக்கிறத யாருடி நம்பச் சொன்னா?"

சொன்ன பிறகுதான் அவளுக்கே முகம் வெளுத்தது. எம்னாவின் கையில் கடைசிக் குடுவை. பாக்டீரியா வளர்ந்து சரியான பதத்தில் கலங்கியிருந்தது. உடனே மருந்து விட்டாக வேண்டும். உப்பென்று எழுதியதிலிருந்து விட்டார்கள். மறுநாள் சோதனையில் புரதம் தடித்த பட்டையாகத் தெரிந்தது.

வஹீதா கண்ணீர் மல்க மன்னிப்புக் கேட்டுச் சாவியை எம்னாவிடமே ஒப்படைத்தாள் என்று இந்தக் கதையை எழுதி முடித்தேன். பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்த எம்னா என் தோளைத் தட்டினாள்.

"மன்னிப்பா? நீங்க வேற, பெரியம்மா. சாவியக் கையில குடுத்தா, சரி. கழுத்துச் சங்கிலியிலேர்ந்து அதக் கழட்டல. ரெண்டு பேரும் தலையோட தல முட்டிக் குனிஞ்சுதான் பெட்டியத் திறந்தோம்."