பிளாஸ்திரி ஒட்டிய பாட்டுகள்

அருப்புக்கோட்டையில் கரண்ட் போகாதா என்று காத்துக் கிடந்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். எங்களுக்குப் பக்கத்து வீட்டிலும் எதிர்வீட்டிலும் விசைத்தறி. பகலும் ராத்திரியும் ஓடும். அந்தச் சத்தத்திலேயே தூங்கி, அந்தச் சத்தத்திலேயே சண்டை போட்டு எங்களுக்குப் பழகிவிட்டது. இசைத்தட்டு பிளேயரின் முள்ளுக்குத்தான் பழகவில்லை. தரை லேசாக அதிர்ந்தாலும் துள்ளிக் குதித்து இரண்டு வரி தள்ளிப் போய் நிற்கும். பிளேயரைத் தலையணை மேல் வைத்துப் பார்த்தேன், மணல் மூட்டை மேல் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. முள் நிம்மதியாக இருக்கத் தறி நிற்க வேண்டும், தறி நிற்கக் கரண்ட் போக வேண்டும். என்னிடம் இன்வெர்ட்டர் இருந்தது. அதனால் மாதம் ஒருமுறை பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்துகிற நாள்தான் எனக்கு நல்ல நாள்.

இந்த வம்பை என் வாய்தான் கொண்டுவந்தது. என் மாமனார் திருச்சுழிப் பக்கம் மைக் செட்டு வாடகைக்கு விட்டவர். அந்த வட்டாரத்துக் கல்யாணம், காதுகுத்து, சடங்கு எல்லாம் அவருடைய இசைத்தட்டுகளில்தான், அவர் சொல்வதுபோல் பிளேட்டுகளில்தான், பாடியிருக்கின்றன. என் கல்யாணத்துக்கும் அவரேதான் செட்டு. கல்யாண ஆல்பத்தில் பெண்ணைப் பெற்றவரை எங்கே தேடினாலும் கிடைக்காது, பந்தலுக்குப் பின்னால் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

கொழுந்தியா மகளுக்குக் கல்யாணம் முடிவானதும் அவர் கேட்டது ஒன்றே ஒன்று. பேத்தி கல்யாணத்தில் தன் பிளேட்டுகள்தான் பாட வேண்டும். மண்டபத்துக்காரர் பெண்டிரைவில் கொடுத்தால் போடுகிறேன் என்றார். மாமாவின் முகம் சுருங்கியது. நான் உடனே, "அதுக்கென்ன மாமா, எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்திருவோம்" என்றேன். என் வீட்டுக்காரி காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். கம்ப்யூட்டரில் அதுவரை நான் செய்த பெரிய சாதனை, சீட்டு ஆட்டத்தில் அதை ஜெயித்ததுதான்.

இரண்டு தகரப் பெட்டி நிறைய பிளேட்டுகள் வந்து இறங்கின. பல பிளேட்டுகளில் பழைய பிளாஸ்திரித் துண்டுகள் அழுக்கேறி ஒட்டிக் கிடந்தன. எங்கேயோ விரிசல் விட்டதற்கு மாமா கட்டுப் போட்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். தேங்காய் எண்ணெய் தடவி ஊறவைத்து, ஒவ்வொன்றையும் பூப்போல உரித்து, கழுவித் துடைத்து வைத்தேன். ஒரு கீறல்கூட விழவில்லை. பெருமையாக இருந்தது.

பிளேட்டை ஏற்றுகிற வேலையில் அவசரம் என்பதே செல்லாது. பாட்டு எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரமும் பக்கத்திலேயே கிடக்க வேண்டும். கரிசல் புழுதி பிளேட்டில் விழுந்துவிடும் என்று ஜன்னலை அடைத்துவிடுவேன். புழுதியைக் கிளப்பும், இன்வெர்ட்டரையும் தின்றுவிடும் என்று ஃபேனையும் நிறுத்திவிடுவேன். இதற்கு மேல் நானாக ஒரு சட்டம் போட்டேன்: பதிவு நடக்கும்போது வீட்டில் யாரும் பேசக் கூடாது, இருமக் கூடாது, குக்கர் விசில் அடிக்கக் கூடாது. என் வீட்டுக்காரி பருப்பைச் சட்டியில் வேகவைத்தாள். உப்பு வேண்டுமா என்பதைக்கூட சைகையில் கேட்டாள். அந்தச் சைகையில் உப்பைத் தவிர வேறு சில சொற்களும் இருந்தன.

கல்யாணத்துக்கு முன்னால் கடைசியாகக் கரண்ட் நிற்கிற நாள் வந்தது. பெரும்பாலான பிளேட்டுகளை ஏற்றியாகிவிட்டது. மீதி கொஞ்சம். அதில் மாமா உயிராக நினைக்கிற ஒன்றும் உண்டு. தாலி கட்டுவதற்கு முன்னால் அவர் எப்போதும் போடுகிற கல்யாணப் பாட்டு அதில்தான் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்ளவே திருச்சுழியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். கொழுந்தியாளோடு பாளையம்பட்டிக்குப் பத்திரிகை வைக்கப் புறப்பட்ட என் வீட்டுக்காரி, பெரிய கதவை வெளியே பூட்டினாள்.

"பத்திரிகைன்னு சொல்லி ஆரும் உள்ள வந்துட்டா உங்க சட்டம் கெட்டுப்போயிரும்ல? சாயங்காலம் வந்து தொறந்து விடுறேன்."

சாவியோடு போய்விட்டாள். அப்போதே எனக்கு லேசாக வியர்த்தது.

முதல் பிளேட்டு பாதி ஓடியிருக்கும். மாமா மூக்கைப் பிடித்தார், துண்டை வாயில் அடைத்தார், பிறகு ஊரையே எழுப்புகிற மாதிரி ஒரு தும்மல் போட்டார். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். அந்தப் பக்கம் முடிந்ததும் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று போட்டுக் கேட்டேன். பாட்டு தெளிவாக ஓடியது. தும்மலைக் காணோம். திரும்பவும் கேட்டேன். பிளேயரிலிருந்து கம்ப்யூட்டருக்கு வயர் போகிறது. தும்மலுக்கு அந்த வயருக்குள் என்ன வேலை? முள்ளுக்கு ஆகாதது தரையின் ஆட்டம், நம் பேச்சு இல்லை.

மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப எம் மக இத்தன நாளா பருப்பச் சட்டியில வேகவச்சது?"

"ஒரு முன்னெச்சரிக்கைதான் மாமா."

"அவகிட்ட நான் ஒண்ணும் சொல்லல மாப்ளே. நீங்க உசுரோட இருக்கணும்."

அதற்குப் பிறகு தாராளமாகப் பேசிக்கொண்டோம். கணினிப் பாட்டு எப்படி இருக்கிறதென்று அவருக்குக் காட்ட, ஏற்கெனவே ஏற்றியதில் ஒன்றைப் போட்டு ஹெட்ஃபோனை அவர் காதில் மாட்டினேன். முதல் பாட்டுக்குத் தொடையில் தாளம் போட்டார். இரண்டாவது பாட்டு தொடங்கியதும் கை அந்தரத்தில் நின்றது.

"இது எந்தப் பிளேட்டு?"

"உங்க பிளேட்டுதான் மாமா."

"எம் பிளேட்டுல இந்தப் பாட்டு ஓடாதே." பெட்டியைத் திறந்து அந்தப் பிளேட்டை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "இதுல ஒரு பிளாஸ்திரி இருந்துச்சே?"

"எடுத்துட்டேன் மாமா. எல்லாத்துலயும். சுத்தமா."

மாமா மெதுவாக உட்கார்ந்தார். ஒரு கல்யாணத்தில் அவர் கை கழுவப் போன நேரம், பிளேட்டு தானாக அடுத்த பாட்டுக்கு ஓடிவிட்டதாம். மாப்பிள்ளை மணவறையில், ஒலிபெருக்கியில் புருஷனைப் பறிகொடுத்தவளின் ஒப்பாரி. "மாப்ள வீட்டுக்காரவுக பந்தக்காலப் பிடுங்கிக்கிட்டு என்னய அடிக்க வந்துட்டாக." அன்றைக்கே எல்லாப் பிளேட்டையும் எடுத்து, சோகப் பாட்டு இருக்கிற இடத்தில் குறுக்கே பிளாஸ்திரி ஒட்டிவிட்டார். முள் அதில் ஏறி வழுக்கி அடுத்த பாட்டில் போய் விழும். அவர் விரட்டிய அத்தனை ஒப்பாரியையும் நான் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி வீட்டுக்குள் அழைத்து வந்திருக்கிறேன்.

"ஒண்ணு ஒண்ணாக் கேட்டு அழிச்சிருவோம்" என்றார்.

நல்ல யோசனைதான். ஆனால் ஒவ்வொரு சோகப் பாட்டும் வந்ததும் நான் அழிக்கக் கையை நீட்டினால், "இருங்க, இது முடியட்டும்" என்று என் கையைத் தட்டிவிட்டார். ஒட்டிய நாளிலிருந்து அந்தப் பாட்டுகளை அவரே கேட்டதில்லை. "இம்புட்டு நல்லாவா பாடியிருக்காக" என்றார். கடைசியில் எதையும் அழிக்க விடவில்லை, தனியாக ஒரு ஃபோல்டரில் போட வைத்தார். ஹெட்ஃபோன் அவர் காதில். பாட்டு அவருக்கு. ஜன்னல் அடைத்த, ஃபேன் ஓடாத, வெளியே பூட்டிய வீட்டில் எனக்குக் கேட்டதெல்லாம் சுருதி சேராத மாமாவின் முனகல் மட்டும். பனியனைப் பிழிந்தால் ஒரு செம்பு தேறும். ஓடலாம் என்றாலும் கதவு இல்லை.

கடைசியாகத்தான் அந்தக் கல்யாணப் பாட்டுப் பிளேட்டைப் போட்டோம். முள் இறங்கி, நாகஸ்வரம் தொடங்கி, பாடகி வாயைத் திறந்தாள். சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே கரண்ட் வந்துவிட்டது. தெரு முழுக்கத் தறிகள் ஒன்றாகப் பிடித்துக்கொண்டன. தரை நடுங்கியது. பாடகி முதல் வரியிலிருந்து நேரே கடைசி வரிக்குத் தாவினாள்.

ஜன்னலைத் திறந்து, பக்கத்து வீட்டுத் தறிக்காரரைக் கூப்பிட்டு, கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லிக் கையை ஆட்டினேன். அந்த இரைச்சலில் அவருக்கு என்ன கேட்டிருக்கும்? சிரித்தபடி அவரும் கையை ஆட்டினார். கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் நின்ற நிலையைப் பார்த்தவர்களுக்கு ஜாமீன் எடுக்கத் தோன்றியிருக்கும்.

சாயங்காலம் கதவு திறந்தபோது நாங்கள் இரண்டு பேரும் சுவரில் சாய்ந்து கிடந்தோம். அடுத்த முறை கரண்ட் நிற்பதற்குள் கல்யாணமே முடிந்துவிடும்.

"அந்த ஒரு பிளேட்ட மட்டும் மண்டபத்துல நேரா ஓட்டிருவோம்" என்றார் மாமா.

"கல்யாணப் பாட்டுக்கு அடுத்தது ஒப்பாரி ஆச்சே. திரும்பப் பிளாஸ்திரி ஒட்டவா?"

"உங்க பிளேயர் முள்ளு நூல் கணக்கா இருக்கு. பிளாஸ்திரில ஏறுனா ஒடிஞ்சுரும்." கொஞ்சம் யோசித்தார். "உரிச்சது நீங்கதான? நீங்களே பக்கத்துல நின்னு முள்ளத் தூக்குங்க."

என் வீட்டுக்காரி சிரித்தது தறிச் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது.

கல்யாணத்தன்று காலையிலிருந்து பெண்டிரைவ் பாடியது. முகூர்த்தம் நெருங்கியதும் பிளேயருக்கு மாறினோம். மேடைக்குப் பின்னால், பெட்டி ஸ்பீக்கர்களுக்கும் சுவருக்கும் நடுவே, பக்கவாட்டில் மட்டுமே நிற்க முடிகிற ஓர் இடம் எனக்கு. மாமா பட்டு வேட்டியில் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒரு கல்யாணத்தை முன்னாலிருந்து அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

பாட்டுக்கும் ஒப்பாரிக்கும் நடுவே பிளேட்டில் ஒரு பளபளப்பான வளையம், ஒரு நூல் அகலம். முள் அதைத் தொட்டதும் தூக்கி, திரும்பப் பாட்டின் தொடக்கத்தில் வைக்க வேண்டும். புரோகிதர் நிதானமான மனிதர். மந்திரம் நீண்டது. பாட்டு முடிந்தது, தூக்கி வைத்தேன். மறுபடியும் முடிந்தது, தூக்கி வைத்தேன். கழுத்தில் வியர்வை இறங்கியது, துடைக்கக் கை இல்லை. யாரோ அட்சதை கொண்டுவந்து நீட்டினார்கள், வாங்கவும் கை இல்லை. மூன்றாவது முறை முள் வளையத்தை நெருங்கியபோது கெட்டிமேளம் முழங்கியது. முள்ளைத் தூக்கினேன். தாலி கட்டிவிட்டார்கள் என்று மேளத்தை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

ஸ்பீக்கர் இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தேன். பேத்தி தலையில் அட்சதை போட்டுக்கொண்டிருந்த மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு திரும்பி, நான் இருக்கிற திக்கைப் பார்த்து ஒரு விரலை உயர்த்திச் சுழற்றினார். செட்டுக்காரர்கள் பாஷையில் அதற்கு ஒரே அர்த்தம்: நிறுத்தாதே, ஓடட்டும்.

பந்தி நடக்கும்போதும் நான் முள்ளைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரி வந்து இடுக்கில் தலையை நீட்டினாள். "சாப்பிட வரலையா?"

நான் வாயில் விரல் வைத்து, பேசாதே என்று சைகை காட்டினேன்.