கண்ணாடிக் கூண்டில் இரண்டு பேர்

நம்பினால் நம்புங்கள், இது எனக்கே நடந்தது. தைபேயில், பட்டப்பகலில், சீனப் புத்தாண்டின் இரண்டாம் நாள்.

அன்று கல்யாணமானவர்கள் எல்லோரும் மாமியார் வீட்டு விருந்துக்குப் போய்விடுவார்கள். சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் நான் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. லினக்ஸும் கொஞ்சம் பைத்தானும் படித்த தெம்பில் மிதப்பாகத் திரிந்தேன். என் சீனியர் பிங்யுவான் போனில் சிரித்தார்.

"உனக்குத்தான் மாமியாரே இல்லையேடா யூகாய், நீயே டூட்டி பாரு. பச்சைப் பொட்டலம் தேதி முடியுது, நாளைக்கு நான் வந்து மாத்திக்கிறேன். தனியா மட்டும் உள்ள போகாதே."

சர்வர் சமர்த்தாக ஓட, அதன் தலையில் நொறுக்குத்தீனிப் பொட்டலம் வைப்பது எங்கள் வழக்கம். தேதி முடிந்தால் அது முரண்டு பிடிக்கும். நாளை வரை ஏன் காத்திருக்க வேண்டும்? போனை லாக்கரில் வைத்துவிட்டு, புதுப் பொட்டலத்தோடு சர்வர் அறைக்குள் போனேன். மணி 2:10.

பழைய பொட்டலம் கிழிந்திருந்தது. உள்ளே ஒரு துணுக்குகூட இல்லை. எலியா? அந்த அறையில் எறும்புகூட நுழைய முடியாதே...

உள்ளே போகவும் வெளியே வரவும் ஒரே வழி, ஓர் ஆள் மட்டும் நிற்கக்கூடிய கண்ணாடிக் கூண்டு. அதன் தரை எடை பார்க்கும். ஓர் ஆள்தான் என்று தெரிந்தால்தான் கதவு திறக்கும்.

ஏறி நின்றேன்.

"இரண்டு பேர் இருக்கிறீர்கள். ஒருவர் திரும்பிச் செல்லவும்" என்றது பதிவுக்குரல்.

திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை. இறங்கி, மறுபடி ஏறினேன்.

"இரண்டு பேர்..."

மணி 2:19. சைரன் அலறியது. தீயணைப்பு வாயு திறக்க மூன்றே நிமிடம். அது நிறைந்தால் மூச்சு விட முடியாது. தீயும் இல்லை, புகையும் இல்லை. சைரன் மட்டும்...

சுவரில் இருந்த போனை எடுத்தேன். அதன் மணி வெளியே என் மேஜையில்தான் அடிக்கும். கேட்க ஆளில்லை.

செத்தேன் என்றே நினைத்தேன். கீபோர்டை இழுத்து, கதவை இயக்கும் ப்ரோக்ராமைத் தேடிப் பிடித்தேன். அதில் ஒரு வரி. அனுமதிக்கும் ஆட்கள்: 1.

கோளாறு எங்கே என்று முதலில் பார், எச்சரிக்கையின் வாயை அடைக்காதே. இந்தத் தொழிலின் பாலபாடம் அது. ஆனால் நேரமில்லை...

1-ஐ 2 ஆக்கினேன்.

ஓடி ஏறினேன்.

பின்கழுத்தில் மூச்சு... சில்லென்று.

கதவு திறந்தது.

சைரன் நின்றது.

மறுநாள் பிங்யுவானிடம் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"நம்பரை மாத்தினியா?"

"ஆமாண்ணே."

"அடப்பாவி! ஆறு வருஷமா தனியாப் போற எல்லார்கிட்டயும் அது ரெண்டு பேருன்னுதான்டா சொல்லுது. சைரனும் அலறும். யாராவது வர்ற வரைக்கும் நடுங்கிக்கிட்டு உள்ளேயே நிப்போம். வாயு வந்ததே இல்ல. சொன்னா நீ வேலைய விட்டு ஓடிடுவேன்னுதான் சொல்லல..."

அன்றே எண்ணைப் பழையபடி 1 ஆக்கினார். இப்போது யார் தனியாகப் போனாலும் கதவு உடனே திறக்கிறது.

நான் ஏறினால் மட்டும், உள்ளே போகும்போதே, இரண்டு பேர் என்கிறது.